எஸ்தர் அக்காவின் கள்ளியை வெட்டியவன் நான்

புல் முளைக்காத இடத்தில் நர்சரி போட்டவன் நான். காற்று திரும்பினால் தங்கச் சுரங்கத்துச் சக்கையைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூள் வந்து சோற்றில் விழுகிற கோரமண்டல் தெருவில் ரோஜா பூக்க வைத்தேன். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் மழைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்டினேன். கொத்தனார் வைக்கவில்லை. கல் சுமந்தது நான், கலவை போட்டது என் மனைவி காந்தா. சுரங்கத்தை மூடிவிட்டு எங்களை வெளியே அனுப்பியபோது என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு கடப்பாரையும் இருமலும்தான். அதை வைத்துக்கொண்டு வீடு கட்டினேன். இரண்டு பெண்களைக் காலேஜுக்கு அனுப்பினேன். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கடை பிடித்தேன். என் படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ரயில் தண்டவாளத்தில் கரி பொறுக்கப் போய்விட்டேன்.

பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

இப்போது கடையைப் பெரிய மருமகன் பார்க்கிறார். நான் ஓரமாக உட்கார்ந்து வருகிறவர்களை வேடிக்கை பார்க்கிறேன். முன்பெல்லாம் கள்ளிச் செடி என்றால் வேலிக்கு என்பார்கள். இப்போது உள்ளங்கை அகலத் தொட்டியில், அட்டைப் பெட்டியில், போனில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. ஜன்னலில் வைக்கிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள், அது சாய்கிறது. கையில் ஏந்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். கடைப் பையன்கள், “அது போச்சு மேடம், தூக்கிப் போடுங்க, வேற தரேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். போன மாதம் எங்கள் நர்சரிக்காரர்கள் கூட்டத்தில், “அண்ணே, சாஞ்ச கள்ளிய எப்படி நிமித்தறதுன்னு எழுதிக் குடுங்க, நம்ம சங்க மலர்ல போடறோம்” என்று கேட்டார்கள். எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் திருத்துவது என் இரண்டாவது மகள். வார்த்தை எல்லாம் என்னுடையது.

கள்ளி வைத்தியத்தை நான் படித்தது பூமிக்கு அடியில். நந்திதுர்க் சுரங்கத்தில் நான் டிம்பர்மேன். வெடி வைத்துப் பாறையை உடைத்த இடத்தில், மேல் பாறை இறங்கி வராதபடி மரத்தால் முட்டுக் கொடுப்பது டிம்பர்மேன் வேலை. இரண்டு கால், மேலே ஒரு குறுக்கு மரம், இடைவெளியில் ஆப்பு. இதற்கு ‘செட்’ என்று பெயர். லிப்ட் கூண்டில் இறங்க இறங்கக் காது அடைக்கும். கீழே போனால் பாறையே அடுப்புப் போலச் சுடும். முதல் வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மரம் சுமந்தேன், திட்டு வாங்கினேன், அவ்வளவுதான்.

எங்கள் மேஸ்திரி பொன்னுரங்கம். குட்டையான ஆள். எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டே இருப்பார். வெடி வைத்த இடத்துக்குள் முதலில் அவர்தான் போவார். கையில் நீளக் கம்பி. தலைக்கு மேலே உள்ள பாறையை அந்தக் கம்பியால் தட்டுவார். ஒரு தட்டு, பிறகு காத்திருப்பார். அந்த நேரத்தில் அவர் தாடை அசைவது நின்றுவிடும். அவர் தாடை நின்றால் நாங்கள் மூச்சை நிறுத்துவோம். கெட்டிப் பாறை என்றால் கோயில் மணியைத் துணி சுற்றி அடித்த மாதிரி உள்ளே ஓடி அடங்குகிற சத்தம் வரும். விரிசல் விட்ட பாறை என்றால் ‘டொப்’ என்று அங்கேயே செத்துவிடும். டொப் என்றால் அந்தக் கல்லை நெம்பித் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு மறுபடியும் தட்ட வேண்டும்.

ஒரு தடவை என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன்.

“இன்னாடா கேக்குது?”

“ஒண்ணியும் கேக்கல மேஸ்திரி.”

“காத அம்மா வூட்ல வெச்சுட்டு வந்தியா? இன்னொரு தபா தட்டு.”

தட்டினேன். டொப். நெம்பினோம், கூடை கூடையாக விழுந்தது. மறுபடியும் தட்டினால் மறுபடியும் டொப். எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

“மேஸ்திரி, இது போதும். ஷிப்டு முடியப் போவுது.”

“உனக்கு முடியும். கல்லுக்கு ஷிப்டு கீதா?” என்று கேட்டார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒன்று சொன்னார். “நல்ல சத்தம் வர்ற வரைக்கும் தள்ளு. பாவம் பாத்து வுட்ட கல்லுதான் தலையில வுழும்.”

நான் இன்று உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அந்த ஆளின் தாடை காரணம்.

சுரங்கம் மூடிய பிறகு ஆபீசர்கள் பங்களாக்களைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். ஓடு சரிந்தது, கதவு போனது. ஒரு பங்களாவின் பின்பக்கம் விறகு பொறுக்கப் போனேன். வாட்ச்மேன் எனக்குத் தெரிந்தவர். அங்கே சுவர் ஓரம் வரிசையாகத் தொட்டிகள். ரோஜா குச்சியாகி இருந்தது. க்ரோட்டன்ஸ் இருந்த இடம் தெரியவில்லை. கடைசியில் ஒரு தொட்டி இரண்டாக வெடித்துக் கிடந்தது. மண் முழுவதும் கரைந்து போயிருந்தது. அதில் இருந்த கள்ளி வேரைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, தன் பாட்டுக்கு, உச்சியில் ஒரு மஞ்சள் பூ வைத்திருந்தது.

எத்தனை கோடை தாண்டியிருக்கும்? யார் ஊற்றினார்கள்? நான் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு வேலை இல்லை, வீட்டில் அரிசி இல்லை, ஊரே சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. இந்தச் செடிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“இன்னா முனுசாமி, பேய் அட்ச்சிச்சா?” என்றார் வாட்ச்மேன்.

“இத்த எடுத்துக்கட்டுமா?”

“தாராளமா எடுத்துக்கினு போ. அத்தனையும் எடு. பாம்பு வந்து ஒக்காருது.”

கோணி போட்டுச் சுற்றி, சைக்கிளில் கட்டி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். அதுதான் என் நர்சரி. முதலில் வந்தவர்கள் சிரித்தார்கள். “தங்கம் எடுத்தவன் முள்ளு விக்கறான்” என்றார்கள். விற்றேன். முள்ளை விற்றுத்தான் மேலே சொன்ன வீடு, காலேஜ், கடை எல்லாம்.

இனி அந்தக் கேஸுக்கு வருகிறேன்.

எஸ்தர் அக்கா எங்கள் பக்கத்து லைன், அதாவது பக்கத்து வீட்டு வரிசை. தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். எங்களைக் கூண்டில் வைத்து இறக்கியதும் ஏற்றியதும் அவர் கைதான். அவர் காலமாகிவிட்டார். அவர் ஒரு விரல் நீளத்தில் நட்டு வைத்த கள்ளி அந்த வீட்டு வாசலில் தகரக் கூரையைத் தொட்டு நின்றது. தூண் மாதிரி, பட்டை பட்டையாக, பக்கத்தில் ஒரு கை மட்டும் விட்டிருந்தது. லைனில் யாரைக் கேட்டாலும் ‘கள்ளி வீடு’ என்றுதான் வழி சொல்வார்கள்.

ஒரு காலையில் காந்தா உள்ளே வந்து, “எஸ்தர் டீச்சர் வந்துகீறாங்க. மூஞ்சி சரியில்ல” என்றாள்.

வெளியே போனேன். “வாங்கக்கா. இன்னா ஆச்சு?”

“கள்ளி சாயுதுப்பா.”

“சாஞ்சா முட்டுக் குடுக்கலாம். அதுக்கா இப்படி நிக்கறீங்க?”

“அது விழுந்தா நான் கெளம்பணும் முனுசாமி.”

“எங்க?”

“ஒயிட்ஃபீல்டு. ஒம்பதாவது மாடி. ஜன்னல தொறந்தா எதிர் பில்டிங்காரன் பல்லு வெளக்கறது தெரியும்.”

அக்காவின் ஒரே மகள் கிரேஸ். முதலில் இங்கிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் போய் வந்துகொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டாள். வருஷா வருஷம் அம்மாவைக் கூப்பிடுவாள். போன கிறிஸ்துமஸுக்குச் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து சாப்பிடும்போது மறுபடியும் கேட்டிருக்கிறாள். அக்கா சிரித்துக்கொண்டே வாசலைக் காட்டி, “அந்தக் கள்ளி எப்ப விழுதோ அன்னிக்கே வரேன்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அது கோட்டைத் தூண் மாதிரி நின்றது. யார் விழும் என்று நினைத்தார்கள்? ஆனால் அத்தனை பேர் நடுவில் சொன்ன சொல். எஸ்தர் டீச்சர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. ‘ஆம் என்றால் ஆம்’ என்று சண்டே ஸ்கூலில் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர்.

போய்ப் பார்த்தேன். ஒரு பக்கமாக, தூங்கி விழுகிறவன் தலை மாதிரி சாய்ந்திருந்தது. உச்சிப் பச்சை மங்கியிருந்தது. சாய்ந்த கள்ளியைப் பார்த்தால் எல்லோரும் உச்சியைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அடி. மண் தொட்டியின் வயிற்றில் விரல் முட்டியால் தட்டினேன். காய்ந்த தொட்டி கணீர் என்று சொல்லும். இது டொப் என்றது. தண்டின் அடியில், முள் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பழுத்த பப்பாளியில் இறங்குவது போல இறங்கியது. புளித்த மாவு வாசம் வந்தது.

“இன்னா மண்ணு போட்டீங்கக்கா?”

“பழைய தொட்டி வெடிச்சிடுச்சுன்னு போன வருஷம் மாத்தினேன். மணலுதான்பா போட்டேன். கள்ளி பாலைவனத்துச் செடி, மணலுதானே கேக்கும்?”

“எந்த மணலு?”

அக்கா தெருமுனையைக் காட்டினார். அங்கே சயனைடு மேடு மலை மாதிரி நின்றது.

இந்தத் தப்பை உலகத்தில் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர யாரும் செய்ய முடியாது. மற்ற ஊரில் மணல் என்றால் ஆறு. எங்களுக்கு மணல் என்றால் தெருமுனை. பார்க்க மணல் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அது மில்லில் பாறையை மாவாக அரைத்து, மருந்து கலந்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய சக்கை. தண்ணீர் பட்டால் களியாகிவிடும். மேல்பக்கம் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூக்கும். பார்த்தால் பாலைவனம். ஒரு சாண் கீழே தோண்டினால் சேற்றுக் குளம். அதில் கள்ளி வேர் மூச்சு விட முடியாமல் அழுகும்.

“தண்ணி எப்ப ஊத்துவீங்க?”

“நெறைய எல்லாம் ஊத்த மாட்டேன். தண்ணி வர்ற அன்னிக்கு மட்டும்தான்.”

இதுவும் எங்கள் ஊர்ப் பழக்கம்தான். தண்ணீர் வரும் நாளில், புதுத் தண்ணீர் பிடிக்க டிரம்மைக் காலி செய்ய வேண்டும். பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனசு வராது. செடிகளுக்குக் கொட்டுவோம். அக்கா வீட்டில் பெரிய செடி கள்ளிதான் என்பதால் அரை டிரம் தண்ணீர் அதற்கே போயிருக்கிறது. குடிக்கவே கேட்காத பிள்ளைக்கு அண்டா அண்டாவாக ஊற்றியிருக்கிறார்.

“அக்கா, முட்டுக் குடுத்துப் பிரயோஜனம் இல்ல. அடி அழுகிப் போச்சு. வெட்டணும்.”

“எவ்ளோ?”

“வெட்டினாத்தான் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் வந்தாள். அக்காவே போன் போட்டு, மறைக்காமல், சாய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். நானும் கத்தியோடு போயிருந்தேன்.

“அங்கிள், என்னை வில்லி மாதிரி பாக்காதீங்க” என்றாள் கிரேஸ். “இது செடி மேட்டர் இல்ல. போன மாசம் மம்மி பாத்ரூம்ல விழுந்தாங்க. பக்கத்து வீட்டு ரெஜினா ஆன்ட்டி போன் பண்ணித்தான் எனக்கே தெரியும்.”

“வழுக்குச்சு. விழல. உக்காந்தேன்” என்றார் அக்கா.

“அரை மணி நேரம் உக்காந்தியா மம்மி?”

அந்தப் பெண் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அறுப்பின் பண்டிகை வரைக்கும் தவணை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் விளைந்ததைச் சபைக்குக் கொண்டுவந்து படைத்து ஏலம் விடுகிற பண்டிகை அது. அன்றைக்குக் கள்ளி நின்றால், கிரேஸ் இனிமேல் கூப்பிட மாட்டாள். நிற்கவில்லை என்றால், அக்கா பெட்டியைக் கட்டிவிட வேண்டும்.

“கட்டி நிறுத்தறது நிக்கறது இல்ல அங்கிள்” என்றாள் கிரேஸ். “அதுவா நிக்கணும்.”

“அதுவா நிக்கும்” என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிவிட்டேன்.

உச்சியில் ரெஜினா கொடுத்த கோணியைச் சுற்றி, அதன் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினேன். மேல்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். கிரேஸ் வந்து பிடித்தாள். கள்ளியின் பக்கவாட்டுக் கையை முதலில் தனியாக வெட்டி எடுத்தேன், அது நன்றாக இருந்தது. பிறகு கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடியில் போட்டேன்.

முதல் வெட்டில் உள்ளே பழுப்புக் கூழ். நாற்றம் தாங்காமல் ரெஜினா மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். கத்தியைத் துடைத்தேன். துடைக்காமல் வெட்டினால் கத்தியே அழுகலை மேலே கொண்டுபோய் ஊட்டிவிடும். ஒரு சாண் மேலே இரண்டாவது வெட்டு. சதை வெள்ளை, ஆனால் நடுவில் வளையமாகப் பழுப்பு ஓடியது. துடைத்தேன். இன்னும் ஒரு சாண். மூன்றாவது வெட்டில் எல்லாம் சுத்தம். நட்டநடுவில் மட்டும் தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு புள்ளி, துரு நிறத்தில்.

“போதும் முனுசாமி” என்றார் அக்கா. “ஒரு புள்ளிதானேப்பா. இவ்ளோ உசரம் போயிடுச்சு.”

“அங்கிள், விட்டுடுங்க. இட்ஸ் ஓகே” என்றாள் கிரேஸ். ஆனால் பிடியை விடவில்லை. அந்தச் செடி விழுந்தால் லாபம் அவளுக்கு. அவள்தான் அதைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா நட்டது அல்லவா.

எனக்கும் கை நின்றது. யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் என் காதோரம் தாடை அசையாமல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். துடைத்தேன், நாலாவது வெட்டைப் போட்டேன்.

வெள்ளரிக்காயை வெட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வெளிர் பச்சை. புள்ளி இல்லை, வளையம் இல்லை. அக்காவின் தோள் உயரம்தான் மிஞ்சியது.

வெட்டு வாயில் அடுப்புக்கரியை மாவாக இடித்துத் தடவினேன். இதற்குப் பிறகு நடுவதற்கு ஓடக் கூடாது. காயம் ஆற வேண்டும், தோல் கட்ட வேண்டும். படுக்க வைக்கவும் கூடாது, படுத்தால் வெயிலைத் தேடி வளைந்துவிடும். அதனால் வாசல் தகர நிழலில் இரண்டு சவுக்குக் கால் நட்டு, குறுக்கு மரம் போட்டு, ஆப்பு அடித்து, சுரங்கத்தில் கட்டுகிற அதே செட்டைக் கட்டினேன். அதில் கள்ளியைத் துணி வாரால் நேராகத் தொங்கவிட்டேன். வெட்டு வாய் தரையில் படாது. கீழே வெறும் காற்று.

“இன்னாண்ணே இது, பொணத்துக்குப் பந்தல் போட்ட மாதிரி கீது” என்றாள் ரெஜினா.

“பொணம் எழுந்து வரும் பாரு.”

“அதுக்கு இயேசுதான் வரணும், நீ வந்தா ஆவாது.”

லைன் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும்.

தண்ணீர் வந்த நாளில் நான் அந்தப் பக்கமாகப் போனேன். நல்லவேளை போனேன். அக்கா செம்போடு கள்ளி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“ஒரே ஒரு சொட்டு, முனுசாமி?”

“வேணாங்கக்கா.”

“தாகத்துல கீதுப்பா. பட்டையெல்லாம் ஒட்டிப் போச்சு.”

“தாகம் எடுக்கட்டும். வாயே இல்லாதவனுக்கு ஊத்தினா எங்க போவும்? அழுவத்தான் போவும்.”

அக்கா செம்புத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய் ஜெபம் பண்ண உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் ஜெபம். சபையிலும் சொல்லி வைத்துவிட்டார். பாஸ்டர் ஒரு நாள் வந்து, என் செட்டைச் சுற்றி வந்து, தலையில் கை வைக்க இடம் தேடி, முள்ளைப் பார்த்துவிட்டுச் சவுக்குக் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்.

கோடை ஏறியது. கள்ளி சுருங்கியது. பட்டைகள் விசிறி மடிவது போல மடிந்தன. மண் இல்லை, வேர் இல்லை, தண்ணீர் இல்லை. தகரம் சுடுகிற சூட்டில் ஊரே நாக்கைத் தொங்கப்போட்டது. வெட்டு வாய் மட்டும் காய்ந்து, செருப்புத் தோல் மாதிரி கெட்டியாகி இருந்தது. அது நல்லது. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வீடியோ காலில் கிரேஸ் பார்த்துவிட்டு உடனே வைத்துவிட்டாளாம். காந்தா ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே, “ஊருக்கெல்லாம் சவால் வுட்டியே, இப்ப இன்னா சொல்லப் போற?” என்று கேட்டாள். நான் ரசம் கேட்டேன்.

ஒரு காலையில் எஸ்தர் அக்கா ஆள் அனுப்பாமல் தானே வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை.

“முனுசாமி, கள்ளி அடியில வந்து பாரு. எனக்குக் குனிய முடியல. இன்னாவோ வெள்ளையா தெரியுது.”

வெள்ளை என்றால் பூசணம் என்று நினைத்தேன். போனேன். செட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன், சுரங்கத்தில் மேல் பாறையைப் பார்க்கப் படுப்பது போல. பார்த்தேன்.

வெட்டு வாயின் நடுவில், காய்ந்த தோலைக் கிழித்துக்கொண்டு வேர் வந்திருந்தது. ஒன்று இல்லை, வட்டமாக, அரிசி முனை மாதிரி, நுனியில் லேசான ரோஸ் நிறம். அத்தனையும் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. கீழே மண் கிடையாது. இருப்பது என் முகம்தான்.

எதைக் குடித்து இதைச் செய்தது? யார் சொன்னார்கள் இதற்குக் கீழ் எது, மேல் எது என்று? தன் உடம்பில் இருந்ததையே சுருக்கி, சுருக்கி, தன் சதையையே தின்று, இன்னும் கண்ணால் பார்க்காத மண்ணுக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தது. நான் குவார்ட்ஸ் கல்லுக்குள் தங்கம் நூலாக ஓடுவதைப் பார்த்தவன். அது எப்போதோ வைக்கப்பட்டது, நாங்கள் போய் எடுத்தோம். இது இப்போது, என் கண் முன்னால், ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாகிக்கொண்டிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்து இரண்டு பக்கமும் காதுக்குள் போனது. துடைக்கத் தோன்றவில்லை.

“இன்னாப்பா, பூசணமா?” என்றார் அக்கா மேலிருந்து.

“வேருக்கா.”

அக்கா ‘ஸ்தோத்திரம்’ என்று சொன்னது தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதன் பிறகு வேலை என்னுடையது. சயனைடு மேட்டுப் பக்கமே போகாமல் ஆற்று மணலில் சலித்த பருக்கைக் கல், செங்கல் சில்லு, கரித்துண்டு, அதில் கொஞ்சம் மக்கிய இலை. கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் உதிர வேண்டும், உருண்டை பிடித்தால் அது கள்ளிக்கு ஆகாது. அக்கா பெரிய தொட்டி வாங்கி வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். வேர் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசாகத் தொட்டி இருக்க வேண்டும். பெரிய தொட்டியில் மண் காயாது. அடியில் துளை அடைக்காமல் ஓட்டுச் சில்லு வைத்தேன். நட்டுவிட்டு உடனே தண்ணீர் விடவில்லை. வேர் மண்ணைப் பிடித்த பிறகு ஒரு தரம், அடித்துளை வழியாக ஓடுகிற மாதிரி விட்டேன். பிறகு தொட்டியைத் தட்டிப் பார்த்து, கணீர் என்றால்தான் அடுத்த தண்ணீர். வெயிலுக்கும் அப்படித்தான், காலை வெயிலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. நிழலில் கிடந்ததை நடு வெயிலில் தூக்கி வைத்தால் தோல் வெந்து போகும். தட்டிக் கேட்க அக்காவுக்கும் பழக்கினேன். தையல் டீச்சர் காது, மெஷின் சத்தம் கேட்டுப் பழகியது, உடனே பிடித்துக்கொண்டார்.

மடிந்த விசிறி விரிவது போலப் பட்டைகள் விரிந்தன. உச்சியில் புதுப் பச்சை, அதில் தேன் நிறத்தில் புது முள். துணி வாரை அவிழ்த்தேன். அது நின்றது.

அத்தோடு நான் நிறுத்தவில்லை. அக்கா வீட்டுப் பாத்ரூம் சுவரில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி பதித்தேன். ஒரு மனுஷன் தொங்கினாலும் வராது. தொங்கிக் காட்டினேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் கிரேஸ் வந்தாள். வாசலில் நின்றாள். தொட்டியைச் சுற்றி வந்து, கட்டு எதுவும் இல்லை என்று பார்த்தாள். புது முள்ளை ஒரு விரலால் தொட்டாள். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

“சரி மம்மி” என்றாள். “நீ இங்கயே இரு. ஆனா தினமும் போன் எடுக்கணும்.”

“எடுக்கறேன்டி” என்றார் அக்கா. அவ்வளவுதான். இரண்டு பேரும் சமையல்கட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் சபைக்கு நானும் காந்தாவும் போயிருந்தோம். கூப்பிட்டிருந்தார்கள், பின்னால் நின்றோம். நான் தனியாக வெட்டி எடுத்த அந்தக் கையும் வேர் விட்டிருந்தது. அதைத் தொட்டியில் வைத்து, பூசணிக்காய் வாழைத்தாரோடு படையலில் வைத்திருந்தார்கள். எஸ்தர் அக்கா சாட்சி சொல்ல எழுந்தார். மைக்கைப் பிடித்தார். கள்ளி சாய்ந்ததைச் சொன்னார், வெட்டியதைச் சொன்னார், வெறும் காற்றில் வேர் வந்ததைச் சொன்னார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஜெபித்த பாஸ்டருக்கு நன்றி, பொறுமையாக இருந்த மகளுக்கு நன்றி, கோணி கொடுத்த ரெஜினாவுக்குக்கூட நன்றி. உட்கார்ந்துவிட்டார். ஏலம் போட்டவர் அந்தத் தொட்டியைத் தூக்கி, “ஆண்டவர் உயிர்ப்பித்த கள்ளி!” என்று கூவினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “அக்கா, எல்லாருக்கும் சொன்னீங்க. என்ன வுட்டுட்டீங்களே?”

அக்கா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “நீ ஆண்டவரு கையில இருந்த கத்திப்பா. கத்திக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா?”

காந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

எஸ்தர் அக்காவுக்கும் அந்தச் சபையாருக்கும் இதை இந்த மலரிலேயே எழுதி வைக்கிறேன். அந்த வேர் என்னால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அடியில் படுத்துப் பார்த்தவன் நான், அதைச் செய்ய என்னால் ஆகாது என்று உங்கள் எல்லோரையும்விட எனக்குத் தெரியும். அது யாருடைய வேலையோ அவருக்கே போகட்டும். ஆனால் எல்லோரும் போதும் என்றபோது நாலாவது வெட்டைப் போட்ட கை ஒன்று உண்டு. அந்த வெட்டு இல்லை என்றால் வேர் வர இடம் இல்லை. அக்கா இன்றைக்கு ஒன்பதாவது மாடியில் இருப்பார். வேரில் நான் பங்கு கேட்கவில்லை. வெட்டு என்னுடையது.

அடுத்த பண்டிகைக்கு வருவேன். பின்னால் நிற்க மாட்டேன், முன் வரிசையில் உட்காருவேன். சாட்சி சொல்லும்போது, டிம்பர்மேன் முனுசாமி வெட்டினார் என்று என் பேரைச் சொல்ல வேண்டும். மைக்கில் சொல்ல வேண்டும்.